நாலாவது ரிப்பேர்

— ஒண்ணும் இல்லன்னு சொல்லாத பர்வேஸே. இருக்கு. இன்னொருக்க தொறந்து பாரு.

— செல்வதாஸ் அண்ணே, காலையிலேருந்து ரெண்டு மட்டம் தொறந்து மூடியாச்சு. காரியம் என்னன்னா, ஒங்க கீபோர்டுல ஒரு குறையும் இல்ல.

— பின்ன ஏன் அதுக்க சத்தம் கம்பிளியப் போத்துன மாதிரி கேக்கு? மணி சவுண்டப் போட்டா பலகையில தட்டுன கணக்கா இருக்கு. வயலினப் போட்டா தொண்டை கட்டுன மாதிரி இருக்கு. மேல் சத்தமே காணோம் மக்கா. கீழ உள்ளது எல்லாம் இருக்கு, மேல உள்ளத யாரோ அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான். நாலாவது மட்டம் ஒனக்க கடைக்குத் தூக்கிட்டு வாறேன். ஒவ்வொரு மட்டமும் நீ சரி செய்து தருக, ஆறு மாசம் நல்லா இருக்கு, பெறகு பழைய கதைதான்.

— நாலாவது மட்டந்தான். நானும் எண்ணிட்டுதான் இருக்கேன். மொதல்ல இரிங்க. சாயா ஆறுகு.

— சாயா கெடக்கட்டு. நாளைக்கு எங்க சர்ச்சுல பிரதிஷ்டைப் பண்டிகை. அறுவது பேரு பாட்டுக்குழு. இரணியல் சுத்துவட்டாரம் பூராவும் வந்து இருப்பாவ. இந்த சவம் சரியாகல்லன்னா நான் நாளைக்கு அந்த ஸ்டூல்ல இருக்க மாட்டேன். நாளைக்குன்னு இல்ல, இனி எப்பவுமே இருக்க மாட்டேன். கமிட்டிக்குக் கடுதாசி எழுதியாச்சு. இந்தா, சட்டைப் பாக்கெட்டுல இருக்கு.

— இருவத்தாறு வருசம் வாசிச்ச ஆளு, ஒரு பெட்டிக்குப் பெணங்கி எறங்கிப் போவாங்களா?

— புதன்கிழமை பிராக்டிஸ்ல என்ன நடந்துதுன்னு ஒனக்குத் தெரியாது. பெண்ணுங்க மட்டும் மெதுவா ஆரம்பிக்கணும். ரெண்டாவது வரியில நான் சேரணும். நான் சேரவே இல்ல மக்கா. அவளுங்க பாட்டுக்கு பாடிக்கிட்டே போயிட்டாளுவ, நான் கையக் கட்டிட்டு அவளுங்க எப்பம் தொடங்குவாவன்னு காத்துட்டு இருக்கேன். அறுவது பேரும் திரும்பி என்னையப் பாக்காவ. எனக்க ஆயுசுல அப்பிடி ஒரு நாணக்கேடு வந்ததில்ல. எனக்க கொழுந்தியா கிரேசிதானே குழுவ நடத்துகா. அவ சிரிச்சுட்டு, 'இன்னொரு தடவ எடுப்போம்'ன்னா. அவ ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா எனக்கு சமாதானமா இருந்திருக்கும்.

— அதுக்கு இந்தக் கீபோர்டு என்ன செய்யும் அண்ணே?

— இதுக்க பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சுத் தந்திருக்கியே, நான் வாசிக்கது எனக்குக் கேக்கதுக்கு. அதுலேருந்து வாறது பூராவும் மங்கல். அந்த மங்கலுக்க நடுவுல அவளுங்க என்ன சொல்லுகாவன்னே வெளங்கல்ல. பெண்ணுங்களையும் சொல்லணும். இப்பம் உள்ளதுங்க வாயத் தொறந்து எழுத்தச் சொல்லுகது இல்ல. டிவியில செய்தி வாசிக்கவனும் அப்பிடித்தான். எல்லாம் வாய்க்குள்ளேயே மென்னு முழுங்குகான்.

— ஒரு காரியம் கேக்கட்டா? ஒங்களுக்குத் தெரிஞ்சு, சத்தம் நல்லா இருந்த செட்டு எது? மொதல்லேருந்து சொல்லுங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்.

— அப்பிடிக் கேளு. மொத்தத்துல மூணு கூட்டம் பாத்துக்கோ. சிந்தசைஸர், சாம்ப்ளர், அதுக்குப் பெறகு வந்த இந்தக் கம்ப்யூட்டர் எளவு. எனக்க மொத சிந்தசைஸர் ஷார்ஜாவுல வாங்குனது. தொண்ணூறாம் வருசம். ஐஸ் கம்பெனியில கம்ப்ரசர் ரூம்ல வேல. தங்குன முறிக்குத் திரும்புனா ஒடம்பு பூராவும் அந்த இரைச்சல் நிக்கும். அப்பம் இந்த சிந்தசைஸர, நாங்க சிந்துன்னு சொல்லுவோம், மடியில வச்சு ஒரு கட்டைய அமுக்குவேன் மக்கா, பல்லு கூசும். அப்பிடி ஒரு மினுக்கம். தேவனுக்குத் தோத்திரம், அது மட்டும் இல்லன்னா நான் அந்த மணல்ல பைத்தியம் பிடிச்சு நடந்திருப்பேன்.

— கம்ப்ரசர் ரூம்ல எத்தன வருசம்?

— பதினொண்ணு.

— செவியில பஞ்சு, மூடி, எதாவது வைப்பீங்களா?

— அதெல்லாம் யாரு வச்சா. சூப்பர்வைசர் வந்தா கழுத்துல மாட்டிக்கிடுவோம். நீ கதைய மாத்தாத. சிந்தசைஸருக்க மகிமை என்னன்னா, அது சத்தத்த தானா உண்டாக்கும். குமிழத் திருப்புனா ஒரு சத்தம், அடுத்ததத் திருப்புனா வேற சத்தம். மணி வேணும்னு வச்சா, மணியப் போல ஒண்ண அதுவே சமைச்சுத் தரும். நெசமான மணி இல்ல. ஆனா அதுக்கு ஒரு சொந்த புத்தி உண்டு. அதாக்கும் எனக்குப் பிடிச்சது.

— சாம்ப்ளர்?

— அது ஊருக்கு வந்த பெறகு வாங்குனது. அதையும் குறை சொல்ல மாட்டேன், நம்ம சர்ச்சுக்கு வயலினும் புல்லாங்குழலும் கொண்டு வந்தது அதுதானே. எவனோ ஒரு நல்ல வித்வான் வாசிச்சத ஒவ்வொரு ஸ்வரமாப் பதிஞ்சு வச்சிருப்பாவ. நாம கட்டைய அமுக்குனா அத எடுத்து நீட்டும். ஆனா அது ஒட்டல்லேருந்து பொதிஞ்சு கொண்டு வந்த சோறு. ருசி உண்டு, சூடு இல்ல. சிந்தோட பக்கத்துல வச்சா கொஞ்சம், ஒரு பொடி மங்கல்தான்.

— கம்ப்யூட்டர்ல உள்ளது?

— சோத்துக்க போட்டோ. மருமகன் லாப்டாப்பு கொண்டு வந்து தந்தான். அதுக்குள்ள நூறு பியானோ, இருநூறு வயலின், ஒரு பெரிய கோயிலுக்க ஆர்கன், எல்லாம் இருக்குன்னான். இருக்கு, இல்லன்னு சொல்லல்ல. போதகர் ஜெபம் முடிச்சு ஆமென் சொன்ன பெறகும் அது திறந்துட்டே கெடக்கு. திறந்து முடிஞ்சதும் அப்டேட் வேணுமான்னு கேக்கு. அதையும் பொறுத்துக்கிடலாம். அதுல மினுக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல பர்வேஸே. செத்த சத்தம். அதுக்குப் பெறகு வாங்குனதாக்கும் ஒனக்க மேசையில கெடக்க இந்தக் கீபோர்டு. இது அதவிட மோசம்.

— அப்பம் வருசம் ஏற ஏற சத்தம் மங்கிட்டே வருகு.

— அதத்தான் சொல்லுகேன். கம்பெனிக்காரனுவ ஏமாத்துகானுவ.

— அண்ணே, நான் மார்த்தாண்டத்துலேருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள கீபோர்டுக்காரங்களுக்கு வேல செய்யுகேன். அவங்க எல்லாரும் தலைகீழாச் சொல்லுகாங்க. பழசு மங்கல், புதுசுதான் தெளிவுன்னு. கம்ப்யூட்டர்ல உள்ள பியானோ, கட்டைய விடும்போது உள்ள சுத்தி விழுகது வரைக்கும் கேக்குன்னு சொல்லுகாங்க. எனக்கும் அப்பிடித்தான் கேக்கு.

— அப்பம் ஒலகத்துக்கே செவி போச்சுன்னு அர்த்தம்.

— ம்.

— என்ன ம்? கீபோர்டு மட்டுமா? அருமனையில மத்தியாஸ் மச்சானுக்க ரப்பர் தோட்டம் இருக்குல்லா. முன்ன அங்க போனா சில்வண்டு கத்துக கத்துல பக்கத்துல நிக்கவன் பேசுகது கேக்காது. போன மாசம் போனேன், ஒண்ணு இல்ல. மருந்தடிச்சு பூண்டோட கொன்னுட்டானுவ. மச்சான்கிட்ட அதச் சொல்லி வருத்தப்பட்டேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, 'ஆமா அத்தான், மருந்துதான்'ன்னு போயிட்டான்.

— அண்ணே, நான் ஒரு பழைய காரியம் சொல்லட்டா. சவுதியில, தம்மாம்ல வேல போயி தேங்காப்பட்டணத்துல சும்மா கெடந்தப்ப, இந்தக் கடைய எடுத்து ரெண்டு மாசம் ஈ அடிச்சேன். எனக்கு ரேடியோவும் டிவியும்தான் தெரியும். அப்பம் நீங்க அந்த ஷார்ஜா சிந்தத் தூக்கிட்டு வந்து இந்த மேசையில வச்சீங்க. 'எனக்கு இது தெரியாது, கெட்டுப் போகும்'ன்னேன். 'கெட்டா போகட்டு, தொறந்து படி'ன்னு சொல்லிட்டு எறங்கி நடந்துட்டீங்க. இண்ணைக்கு எனக்க பிள்ளைங்க தின்னுக சோறு அதுலேருந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ், நான் மறக்கல்ல.

— இத என்னத்துக்கு இப்பம் சொல்லுக? அண்ணைக்கு நான் எறங்கி நடக்கல்ல மக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி நின்னு அழுதேன். நல்ல வேளைக்கு நீ கெடுக்கல்ல.

— சொல்லுகதுக்குக் காரணம் உண்டு. அந்த நன்றி இருக்கதுனால ஒரு வருசமா எனக்கு நாக்கு எழும்பல்ல. இண்ணைக்கு எழும்பித்தான் ஆகணும். இந்தப் பெட்டியப் பாருங்க. இதுலேருந்து வெறும் ஒரு சத்தம் வரும். கனத்த சத்தத்துலேருந்து கீச்சு சத்தம் வரைக்கும் பைய ஏத்துவேன். கேக்க வரைக்கும் கைய ஒசத்திப் பிடிங்க. கேக்காம ஆனா எறக்குங்க. நூறு ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கேன், எண்ணம் கூடக் கூட கீச்சும் கூடும்.

— கேக்கு. தவளை மாதிரி.

— ஐநூறு. ஆயிரம்.

— கேக்கு, கேக்கு. இது என்ன, பள்ளிக்கூடத்துப் பரீட்சையா?

— ரெண்டாயிரம்.

— கேக்கு. சத்தம் கொஞ்சம் கொறச்சுட்டியோ?

— கொறக்கல்ல. மூவாயிரம்.

— தூரத்துல எங்கேயோ... ஆமா, கேக்கு.

— நாலாயிரம்.

— போடு.

— போட்டாச்சு.

— ஒயர் விட்டிருக்கு பாரு. நல்லா சொருகு.

— ஒயர் சரியாத்தான் இருக்கு. அஞ்சாயிரம். ஆறாயிரம். இந்தா, சத்தத்தையும் கூட்டுகேன்.

— ஒனக்க ஸ்பீக்கர் போச்சு மக்கா. அதத்தான் மொதல்ல நீ ரிப்பேர் பண்ணணும்.

— பர்வேஸ் அண்ணே, அத நிறுத்துங்க. யம்மா. ரோட்டுல வரும்போதே செவி கிழியுது, எப்பிடித்தான் ரெண்டு பேரும் இதுக்குள்ள இருக்கீங்களோ. பக்கத்துத் துணிக்கடையில உள்ளவ கூட ரெண்டு கையாலயும் செவியப் பொத்திட்டு வெளிய வந்து நிக்கா.

— கிரேசி? நீ என்ன இங்க? எத நிறுத்தச் சொல்லுக?

— அந்தக் கீச்சு சத்தத்ததான் அத்தான். இப்பம் நிறுத்தியாச்சு. ஏன் அப்பிடிப் பாக்கீங்க?

— பர்வேஸே, இன்னொருக்க போடு.

— வேண்டாம் அண்ணே.

— போடுன்னு சொன்னேன்.

— போட்டுட்டேன்.

— கிரேசி, இப்பம் சத்தம் வருகா?

— வருகு அத்தான்.

— பெலமாவா?

— பெலமா. போதும், நிறுத்தச் சொல்லுங்க.

— அப்பம் கீபோர்டு இல்ல.

— கீபோர்டு இல்ல அண்ணே. அண்ணைக்கும் இல்ல. சிந்தும் இல்ல, சாம்ப்ளரும் இல்ல, லாப்டாப்பும் இல்ல. நீங்க ஒவ்வொண்ணா வாங்கி ஒவ்வொண்ணையும் குறை சொல்லிட்டு வந்தீங்க. அது எல்லாம் ஒங்க செவிக்க கணக்கு. பதினொரு வருசக் கம்ப்ரசரு அங்க வச்சுத் தொடங்கி விட்டது, பைய பைய எறங்கி வந்திருக்கு. மொதல்ல எட்டாயிரம் போச்சு, பெறகு ஆறு. இப்பம் நாலும் போச்சு.

— ஒனக்கு எப்பம் தெரியும்?

— ரெண்டாவது மட்டம் கொண்டு வந்தப்பவே. அந்தப் பெட்டியில ஒண்ணும் இல்ல. நானும் என்னென்னமோ மாத்திப் பாத்தேன். கடைசியில கிரேசி டீச்சர விளிச்சுக் கேட்டேன். அவங்க விசயத்தச் சொன்னாங்க. அதுக்குப் பெறகு நான் ரிப்பேர் பண்ணுனது கீபோர்ட இல்ல. ஒங்க பக்கத்துல வச்ச அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல மேல் சத்தத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வச்சேன். ஒவ்வொரு மட்டமும் நீங்க வரும்போது இன்னொரு பொடி ஏத்துவேன். காரியம் என்னன்னா, இப்பம் ஏத்த எடமில்ல. கடைசி வரைக்கும் திருப்பியாச்சு. அதான் இண்ணைக்கு டீச்சரையும் வரச் சொன்னேன்.

— கிரேசி, நீ சொல்லு. பாட்டுக்குழுவுல எத்தன பேருக்குத் தெரியும்?

— அத்தான், அத விடுங்க.

— எத்தன பேருக்கு?

— எல்லாருக்கும்.

— அறுவது பேருக்குமா?

— ரெண்டு வருசத்துக்கு முன்ன கிறிஸ்மஸ்சுக்கு நீங்க மேல் சத்தத்த ரொம்பக் கூட்டி வச்சு வாசிச்சீங்க. முன்பெஞ்சில இருந்த கொச்சுப் பிள்ளைங்க செவியப் பொத்திட்டுதுங்க. ஒரு கைக்குழந்த வீரிட்டு அழுதுது. ஆராதனை முடிஞ்சதும் ஆளாளுக்கு வந்து என்கிட்ட சொன்னாங்க. அடுத்த வாரம் நீங்க வாறதுக்கு முன்ன நாங்க எல்லாரும் கூடிப் பேசுனோம். ரயில்வேயில வேல பாக்க நம்ம எபிசன் இருக்கான்லா, மைக்செட்டு பாக்கவன். அவன் சொன்னான், 'அண்ணன் எவ்வளவு வேணும்னாலும் கூட்டட்டு, நான் இங்கேருந்து கொறச்சுக்கிடுகேன், சபைக்குச் சரியாப் போகும்'ன்னு. அண்ணைலேருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீங்க கூட்டுவீங்க, அவன் கொறப்பான்.

— அப்பம் ரெண்டு வருசமா நான் அங்க இருந்து கோமாளி வேசம் கெட்டியிருக்கேன். அறுவது பேரு பின்னால நின்னு பாத்திருக்கீங்க.

— அப்பிடிப் பேசாதீங்க அத்தான்.

— வேற எப்பிடிப் பேச? மச்சான் கூட சில்வண்ட மருந்து கொன்னுதுன்னு எனக்க மொகத்துக்கு நேர பொய் சொல்லுகான். எபிசன் நல்லா வாசிக்கவன். என்னைய விட விரல் வேகம் உள்ளவன். நேர வந்து, 'அண்ணே, போதும், எந்திரிங்க'ன்னு சொல்லியிருக்கலாம்லா? மரியாதையா எறங்கியிருப்பேனே. இந்தா கடுதாசி. நீயே கமிட்டியில குடுத்திரு.

— தாங்க. படிக்கவே மாட்டேன். கிழிச்சாச்சு. இனி நான் சொல்லுகதக் கேளுங்க. எபிசன்கிட்ட நான் கேக்காம இருந்தேன்னா நினைக்கீங்க? கேட்டேன். அவன் மாட்டேன்னுட்டான். அவன் என்ன சொன்னான்னு தெரியுமா? ஞானதாசன் பெரியப்பாவுக்க அடக்க ஆராதனைய நினைச்சுப் பாருங்க. அண்ணைக்கு சபை பூராவும் அழுகையில பாடுனோம். அஞ்சு சரணம். அழுதுட்டே பாடுனா சுருதி எறங்கும்லா, எங்களுக்கு அது தெரியாது. மூணாவது சரணம் முடிஞ்சப்ப நாங்க அரைக்கட்டைக்கும் கீழ எறங்கியாச்சு. நீங்க திரும்பி ஒருத்தரையும் முறைக்கல்ல. சரணத்துக்கு நடுவுல ஒரு பொத்தான அமுக்கி கீபோர்டையும் எங்களோட கீழ எறக்கிட்டீங்க. எபிசன் பின்னால நின்னு அத கண்ணால பாத்திருக்கான்.

— அது... எல்லாரும் செய்யுகதுதான்.

— யாரும் செய்ய மாட்டான் அத்தான். வேற சர்ச்சுல எல்லாம் வாசிக்கவன் சத்தத்தக் கூட்டி சபைய இழுத்துக் கொண்டு போவான், பாடுகவங்க தப்புனது ஊருக்கே தெரியும். நீங்க இருவத்தாறு வருசத்துல எத்தன தடவ எங்களுக்காக கீழ எறங்கியிருக்கீங்கன்னு எபிசன் சொன்னப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஒரு தடவ சொல்லிக் காட்டுனது உண்டா? 'நான் வேகமா வாசிப்பேன், அண்ணன் எங்களக் கேட்டு வாசிப்பாரு, அந்த ஸ்டூலு அவருக்குள்ளது'ன்னு அவன் சொன்னான். அறுவது பேரும் சரின்னோம். இரக்கப்பட்டு இல்ல அத்தான். நன்றியில.

— பர்வேஸே, அந்த சாயாவ எடு.

— ஆறிப் போச்சு அண்ணே. வேற சொல்லுகேன்.

— ஆறுனது போதும். ஏ கிரேசி, நான் ஏதோ கோவத்துல கோமாளின்னு சொன்னேன். எனக்கு எப்பிடி சொல்லணும்னு தெரியல்ல. இவ்வளவு பேரு சேந்து ஒருத்தன இப்பிடித் தாங்குவாங்கன்னு நான் நினைக்கல்ல. ஒருத்தன் வாயிலேருந்து கூட ஒரு சொல்லு வெளிய வரல்லயே. நம்ம சபையில ஒரு ரகசியம் ரெண்டு நாள் நிக்காது.

— இது நின்னுது.

— அண்ணே, நாகர்கோவில்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா உண்டு, செவிக்குப் பாக்கவங்க. திங்கக்கிழமைக்குச் சொல்லி வச்சிருக்கேன். இப்பம் வாற செவி மெசினு பழைய மாதிரி எல்லாத்தையும் சேத்துக் கூட்டாது. எங்க கொறைவோ அங்க மட்டும் கூட்டும். நான் ஸ்பீக்கர்ல செய்ததுதான், அவங்க செவிக்குள்ள வச்சுச் செய்வாங்க. எனக்க வேலைய விட அவங்க வேல சுத்தமா இருக்கும். பழைய மாதிரியே கேக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இத விட கேக்கும்.

— நாளைக்கு?

— நாளைக்கு நான் ஒங்களுக்கு நேர முன்ன நிக்கேன் அத்தான். பெண்ணுங்க தொடங்கும்போது கைய ஒசத்துவேன். ரெண்டாவது வரிக்கு எறக்குவேன். எனக்க கையப் பாத்து சேந்தா போதும். சவுண்ட எபிசன் பாத்துக்கிடுவான். வாசிப்பீங்கல்லா?

— அறுவது பேரு கேட்டா மாட்டேன்னு சொல்லுகதுக்கு நான் யாரு. வாசிக்கேன். பாட்டுக்குழுவுக்கு மட்டும் நாளைக்கு ஆராதனை முடிஞ்சு ஒரு வார்த்த சொல்லணும். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியணும். நன்றிய வாயால சொல்லாம எறங்குனா ஒறக்கம் வராது. பர்வேஸே, ஒண்ணு கேக்கட்டா. நாலாயிரத்துக்கு மேல வேற என்னவெல்லாம் உண்டு?

— சில்வண்டு உண்டு. அது சாகல்ல அண்ணே, மச்சானுக்க தோட்டத்துல இப்பமும் கத்திட்டுதான் இருக்கும். மணிக்க மினுக்கம் உண்டு. ச, ஸ, ஃப எழுத்தெல்லாம் பாதி அங்கதான் இருக்கு, அதான் டிவியில செய்தி வாசிக்கவன் முழுங்குகது போலத் தோணும். பெறகு குசுகுசுன்னு பேசுகது. அதுல தொண்டைச் சத்தமே இல்ல, வெறும் காத்து. செவி கெட்டா மொதல்ல போறது அதுதான்.

— குசுகுசுப்புமா?

— அதுதான் மொதல்ல.

— கிரேசி, நான் ஒண்ணு கேப்பேன். பர்வேசும் கேக்கட்டு, அவனும் எனக்குத் தம்பி கணக்குதான். ஒங்க அக்கா ஜெயபாய் இருக்கால்லா. கல்யாணம் ஆன நாள்லேருந்து வெளுப்பாங்காலம் எந்திரிச்சு எனக்க தலைமாட்டுல முட்டுக்குத்தி ஜெபம் பண்ணுவா. மத்தவங்க ஒறக்கம் கெடாண்டாம்னு சத்தம் விட மாட்டா, வெறும் காத்துதான் வரும். மொதல்ல பிள்ளைங்க, பெறகு அவளுக்க அம்மை, பெறகு ஊரு. கடைசியில எனக்க பேரு. நான் முழிச்சுட்டுதான் கெடப்பேன். கண்ணத் தொறந்தா நாணிப் போவான்னு திரும்பிப் படுத்துக்கிட்டுக் கேப்பேன். எனக்க பேரு வந்த பெறகுதான் எந்திரிப்பேன். அவளுக்கு இது தெரியாது.

— சொல்லுங்க அத்தான்.

— ரெண்டு மூணு வருசமா அது நின்னு போச்சு. எந்திரிக்கா, கட்டில் அசையுது, பெறகு ஒண்ணும் இல்ல. ஜெபத்த விட்டுட்டான்னு நினைச்சேன். எனக்க பேரச் சொல்ல மனசில்லாம விட்டுட்டான்னு நினைச்சேன். வீடு பூராவும் பெட்டியும் ஒயரும் லாப்டாப்புமா நெறச்சு வச்சா எந்தப் பெண்ணுக்குத்தான் வெறுப்பு வராது. கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அவ பேசுனா நானும் பாதிக்குப் பதில் சொல்லாம நடந்தேன். ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல. இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

— அத்தான், போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல்னு நான் வந்து மூணு நாள் ஒங்க வீட்டுல கெடந்தேனே.

— ஆமா.

— மூணு நாளும் காய்ச்சலோட எந்திரிச்சு முட்டுக்குத்துனா. அடுத்த முறியில கெடந்த எனக்கே கேட்டுது.

— எனக்க பேரச் சொன்னாளா?

— ஒங்க பேரச் சொல்லித்தான் தொடங்குனா. 'கர்த்தாவே, அவருக்க செவியத் தொறந்து தாரும். நான் உம்மகிட்ட கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரியாண்டாம்'ன்னு.